மேலே போனால் படகுக்கும் மூச்சு வாங்கும்
படகு, எஞ்சின், தூண்டில்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சஸில் இருந்தபோது 20 அடி பாஸ் படகு (தூண்டில் மீன்பிடிக்கான வேகப் படகு) ஒன்று வாங்கினான். 200 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், 24 இஞ்ச் பிட்ச் புரொப்பெல்லர், கியர் விகிதம் 1.75 (எஞ்சின் 1.75 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று). அங்கே நிமிடத்துக்கு 6,000 சுற்றில் மணிக்கு 113 கிலோமீட்டர் ஓடியது. இப்போது வேலை மாற்றலாகி டென்வர் போய்விட்டான். அங்குள்ள ஏரியில் அதே படகு 5,450 சுற்றுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது, வேகம் 101தான். எஞ்சினில் கோளாறா? பழைய வேகம் திரும்ப வருமா?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: எஞ்சினில் கோளாறு இல்லை. பழைய வேகம் முழுசாகத் திரும்பவும் வராது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மகன் வீண் செலவு செய்ய மாட்டார்.

டென்வர் கடல்மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரம். நம் மலேசியக் கணக்கில் தானா ராத்தாவுக்கு மேலே, கெந்திங்குக்குக் கொஞ்சம் கீழே. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் 85 சதவீதம்தான். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சின், 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும் என்பது கைக்கணக்கு. 1,609 மீட்டருக்கு 16 சதவீதம் வருகிறது. ஆக மூடியில் 200 என்று எழுதியிருந்தாலும் அங்கே ஓடுவது 168 குதிரைத்திறன் எஞ்சின்.

சரி, 16 சதவீதத் திறன் போனால் வேகமும் 16 சதவீதம் போகுமா? போகாது. நீரின் மேல் எழும்பி ஓடும் படகில் வேகம் திறனின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறும். 0.84-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.917, 113-ஐ அதால் பெருக்கினால் 103.6. மகனுக்குக் கிடைப்பதோ 101. அதாவது போன 12 கிலோமீட்டரில் ஒன்பதரையை மலை எடுத்துக்கொண்டது. மிச்சம் இரண்டரை, புரொப்பெல்லர் பொருந்தாததால் போனது. முதலில் மீட்க வேண்டியது இந்த இரண்டரையை. மலை எடுத்ததில் ஒரு பங்கை வேறு வழியில் ஈடுகட்டலாம்; அதைக் கடைசியில் சொல்கிறோம்.

வேகமானியைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுற்றுமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை எஞ்சின்கள் பலவற்றுக்கு, ஆக்சிலரேட்டர் முழுசாகத் திறந்திருக்கும்போது 5,500 முதல் 6,000 வரை சுற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். மகனுடைய எஞ்சினுக்கு என்ன எண் என்று முதலில் பார்க்கட்டும். 5,450 என்றால் ஐந்தாவது கியரில் கெந்திங் மலை ஏறுகிற கார் மாதிரி: எஞ்சின் திணறுகிறது, பிஸ்டன் மேல் சுமை, சூடு கூடும், நாக்கிங் (பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்துத் தட்டும் சத்தம்) வரலாம். வேகத்துக்காக இல்லாவிட்டாலும் எஞ்சின் ஆயுளுக்காகவே இதைச் சரிசெய்ய வேண்டும்.

பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு முறை சுற்றினால் கொள்கையளவில் எத்தனை இஞ்ச் முன்னேறும் என்ற அளவு. பிட்சை ஒரு இஞ்ச் குறைத்தால் எஞ்சின் 150 முதல் 200 சுற்று கூடும். மகனுக்குத் தேவை 5,800 முதல் 5,900 சுற்று. ஆக இரண்டு இஞ்ச் குறைத்து 22 பிட்ச் போட வேண்டும். அதே கம்பெனியின் அதே மாடலில், அதே எண்ணிக்கை இலையோடு வாங்கச் சொல்லுங்கள். மூன்று இலையிலிருந்து நான்கு இலைக்குத் தாவினால் பிட்ச் மாற்றத்தால் எவ்வளவு, இலையால் எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

மாற்றியது சரியா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சுற்றைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 656-ஆலும் வகுத்தால், வழுக்கலே (புரொப்பெல்லர் தண்ணீரில் நழுவி இழக்கும் பங்கு) இல்லாத வேகம் கிலோமீட்டரில் வரும். டெக்சஸில் 6,000 × 24 ÷ 1.75 ÷ 656 = 125. உண்மையில் ஓடியது 113. வழுக்கல் 10 சதவீதம். டென்வரில் அதே கணக்கு 114 தருகிறது; ஓடியது 101; வழுக்கல் 11 சதவீதம். நன்றாக அமைந்த பாஸ் படகில் இது 8 முதல் 12 வரை இருக்கும். மகன் படகின் அடிப்பகுதி ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. 22 பிட்ச் போட்டபின் 5,850 சுற்று வந்து, வேகம் 102 அல்லது 103 காட்டினால் வேலை முடிந்தது. ஒன்றிரண்டு கிலோமீட்டர்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். படகு நின்ற இடத்திலிருந்து எழும்புவதில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். உயரமான இடத்தில் உச்ச வேகத்தைவிட அந்த எழும்பும் வேகமே அதிகம் அடிவாங்குகிறது. ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லரின் நடுக்குழாயில் சிறு துளைகளும் அவற்றை மூடும் பிளாஸ்டிக் அடைப்பான்களும் இருந்தால், அடைப்பானை எடுத்துவிட்டோ பெரிய துளையுள்ளதை மாட்டியோ பார்க்கலாம். எஞ்சின் புகை அந்தத் துளை வழியாக இலைக்கு வந்து தொடக்கத்தில் தண்ணீரின் பிடியைத் தளர்த்தும். சுற்று சட்டென ஏறும்.

வேகத்தை ஜிபிஎஸ்ஸில்தான் அளக்க வேண்டும். காற்றோடு ஒரு முறை, காற்றை எதிர்த்து ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுக்கட்டும். ஒவ்வொரு முறையும் பெட்ரோல் அளவும் ஆள் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) உடம்பில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அது சட்டமே.

இனி மலை எடுத்ததற்கு ஈடு. மலிவான வழி எடை. இந்த அளவுப் படகில் 45 கிலோ குறைந்தால் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடும். மீன் உயிரோடு வைக்கும் தொட்டியில் 115 லிட்டர் தண்ணீர் என்றால் 115 கிலோ. ஓடும்போது காலியாக இருக்கட்டும். மின்மோட்டாருக்கான மூன்று பெரிய ஈயமில பேட்டரிகள் சுமார் 90 கிலோ. லித்தியமாக மாற்றினால் 40 கிலோவுக்குள் வந்துவிடும், ஆனால் பணம் கரையும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. பாதி ஏரி சுற்ற முழுத் தொட்டி வேண்டாம். அடுத்த வழி எஞ்சினின் உயரம். அது கடைசியில் உள்ள கெப்போங் வாசகரின் கேள்வியில் வருகிறது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் 106, 107 எட்டலாம். அதற்கு மேல் யாராவது உத்தரவாதம் தந்தால் பர்ஸை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கணினிச் சிப் மாற்றினால் திறன் திரும்புமா என்று அடுத்து மகன் கேட்பார். எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சின்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. மெல்லிய காற்றுக்கேற்பப் பெட்ரோலை அதுவே குறைத்துவிடுகிறது. இல்லாத காற்றைச் சிப் கொண்டுவராது. டர்போவோ சூப்பர்சார்ஜரோ வைத்த எஞ்சின் மட்டுமே இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது.

பழைய 24 பிட்சை விற்றுவிட வேண்டாம். டெக்சஸ் போன்ற தாழ்நிலத்துக்கு மறுபடி படகைக் கொண்டுபோனால், 22 பிட்சில் எஞ்சின் சுற்று எல்லையைத் தொட்டு வெட்டி வெட்டி ஓடும். யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள லேக் பவல் ஏரி நிரம்பியிருந்தால் நீர்மட்டம் 1,128 மீட்டர். அங்கே 23 பொருந்தலாம். கொலராடோவில் 2,750 மீட்டரில் இருக்கும் டில்லன் நீர்த்தேக்கத்தில் 22 கூடப் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: தெமங்கோர் ஏரிக்குப் போகும்போதெல்லாம் என் 16 அடி படகு (60 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக்) 4,900 சுற்றோடு நின்றுவிடுகிறது. கையேட்டில் 5,000 முதல் 6,000 என்று இருக்கிறது. பினாங்குக் கடலில் தனியாக ஓட்டினால் 5,500 வருகிறது. ஏரி மலையில் இருப்பதால்தானே?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: மலைமேல் பழி போடாதீர்கள். தெமங்கோர் நீர்மட்டம் சுமார் 245 மீட்டர். இழப்பு இரண்டரை சதவீதம்கூட இல்லை. பினாங்குக் கொடிமலையே 833 மீட்டர்.

நம் ஊரில் உயரத்தைவிட வெயில்தான் எஞ்சினைக் களைக்க வைக்கிறது. எஞ்சின் கணக்குகளில் அடிப்படையாக வைக்கும் 15 பாகையோடு ஒப்பிட்டால், 32 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி 5 சதவீதத்துக்கு மேல் குறைவு. 600 மீட்டர் மலையேறியதற்குச் சமம். அதோடு நம் காற்றில் ஈரம் அதிகம். நீராவி இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் இல்லை, அதில் இன்னும் மூன்று சதவீதம் போகும். ஆனால் இந்தக் கஷ்டம் பினாங்கிலும் இருக்கிறது, தெமங்கோரிலும் இருக்கிறது. 600 சுற்று வித்தியாசத்துக்கு அது காரணமில்லை.

காரணம் “தனியாக ஓட்டினால்” என்ற உங்கள் சொல்லிலேயே இருக்கிறது. தெமங்கோருக்கு யாரும் தனியாகப் போவதில்லை. நான்கு ஆள், ஐஸ் தோங், கூடாரம், அரிசி மூட்டை, இரண்டு நாளுக்கான பெட்ரோல். பூலாவ் பண்டிங் ஜெட்டியில் ஏற்றும்போது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 350 கிலோவைத் தாண்டும். பாரம் ஏற்றிய நாளுக்கென்று ஒரு புரொப்பெல்லர் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது 13 பிட்ச் என்றால் 11. அலுமினியத்தில் வாங்கினால் போதும். விலையும் குறைவு, மூழ்கிய மரக்கட்டையில் மோதினால் இலை வளைந்து கியரைக் காப்பாற்றும். தெமங்கோரிலும் கென்யிரிலும் கட்டைக்குப் பஞ்சமில்லை, ஆகவே ஸ்பேர் எப்படியும் வேண்டும்.

புது கிப்பாஸ் (புரொப்பெல்லர்) வாங்கும் முன் காசில்லாத ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் லீவரை முழுசாக முன்னால் தள்ளட்டும். எஞ்சினுக்குள் காற்றைத் திறந்துவிடும் திராட்டில், அதன் முட்டுக் கட்டையைத் தொடுகிறதா என்று நீங்கள் பாருங்கள். கேபிள் இழுபட்டுப் போய் எண்பது சதவீதம் மட்டுமே திறக்கும் எஞ்சின்கள் நிறைய. படகைக் கடலில் நிரந்தரமாகக் கட்டி வைத்திருப்பவர் என்றால் அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

கேள்வி: மேடானில் இருக்கும் என் மாமா தோபா ஏரியில் ஓட்ட என்னுடைய பழைய 40 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கேட்கிறார். கார்புரேட்டர் வகை. அப்படியே அனுப்பலாமா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அனுப்பலாம், ஆனால் இரண்டு சின்ன ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு ஓட்டைத் திருகு) அனுப்புங்கள், பழைய ஜெட்டையும் பொட்டலம் கட்டிக் கூடவே வையுங்கள். ஏன் என்று சொல்கிறோம்.

தோபா நீர்மட்டம் சுமார் 905 மீட்டர். திறன் 9 சதவீதம் குறையும்; 40 என்பது 36 ஆகும். எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின் இதைத் தானே சமாளிக்கும். கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. காற்று 9 சதவீதம் குறைந்தால் கலவையில் பெட்ரோல் நான்கைந்து சதவீதம் அதிகமாகிவிடும். அறிகுறிகள்: முழு வேகத்தில் சத்தம் தெளிவாக இல்லாமல் கொரகொரவென்று வரும், பின்னால் புகை, பிளக் நுனி கறுத்து ஈரமாக இருக்கும்.

எண் ஓட்டையின் விட்டத்தைக் குறிக்கும் மெயின் ஜெட்டாக இருந்தால் மாற்றம் மிகச் சிறியது: 150 என்று பொறித்திருந்தால் 147.5, அதிகம் போனால் 145. விட்டம் இரண்டு சதவீதம் குறைந்தால் ஓட்டையின் பரப்பு நான்கு சதவீதம் குறைந்துவிடும், அதனால்தான். இரண்டு மூன்று கார்புரேட்டர் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே எண். ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் அந்த சிலிண்டர் தனிக்கதை ஆகிவிடும். மாற்றிய பிறகு ஐடிலிங் திருகைக் கால் சுற்று அளவில் மட்டும் சரிசெய்யட்டும். பிளக் நுனி காய்ந்து பழுப்பாக வர வேண்டும். வெள்ளையாக வந்தால் உடனே பழைய ஜெட்.

ஆயில் கலவையில் கை வைக்கக் கூடாது. புகை வருகிறதே என்று ஆயிலைக் குறைப்பவர்கள் உண்டு. குறைக்க வேண்டியது பெட்ரோலை, ஆயிலை அல்ல. கையேட்டில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, மலையிலும் அதேதான்.

இப்போது அந்தப் பொட்டலத்துக்கு வருவோம். அதே எஞ்சின் என்றாவது மேடானின் துறைமுகமான பெலாவான் கடலுக்கோ பினாங்குக்கோ திரும்பினால், சின்ன ஜெட்டோடு கெட்டியான காற்றில் ஓடும். கலவை மெலிந்து சூடேறும். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைவு. பிஸ்டன் தலையில் ஓட்டை விழும், அல்லது சுவரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஜெட்டை மாற்றிய தேதியை எஞ்சின் மூடியின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். புரொப்பெல்லரில் ஒரு இஞ்ச் பிட்ச் குறைத்தால் போதும்.

கேள்வி: கொலராடோவில் 85 எண் பெட்ரோல் விற்கிறார்களாமே, படகுக்கு ஆகுமா? இங்கே ரோன் 97 ஊற்றினால் வேகம் கூடுமா?
— வாசகர், செந்தூல்

பதில்: அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) நம்முடைய ரோன் இல்லை, இரண்டு சோதனை எண்களின் சராசரி. அவர்களுடைய 87 நம் கணக்கில் ரோன் 91, 92-ஐ ஒட்டியது. உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நாக்கிங்கும் குறைவு என்று கார்புரேட்டர் காலத்தில் வந்த பழக்கம்தான் 85. கையேடு 87 கேட்டால் மலையிலும் 87 ஊற்றுவதே சரி. ரோன் 97 வேகம் கூட்டாது. கையேடு கேட்காத வரை 95 போதும்.

கேள்வி: 18 அடி பாஸ் படகில் ஜாக் பிளேட் (எஞ்சினை ஏற்றி இறக்கும் தாங்கி) மாட்டியிருக்கிறேன். எஞ்சினை எவ்வளவு உயர்த்தலாம்? உயர்த்தினால் சில நேரம் சுற்று மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.
— வாசகர், கெப்போங்

பதில்: முதலில் இப்போது எங்கே நிற்கிறது என்று அளந்துவிடுங்கள். சமதளத்தில் டிரெய்லர் மேல் படகு. அடியில் நடுவிலுள்ள தட்டையான பட்டையும் எஞ்சினில் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் காற்றுத் தடுப்புத் தகடும் இணையாக வரும்வரை டிரிம் செய்யுங்கள் (எஞ்சினைச் சாய்த்து நிறுத்துங்கள்). தரையிலிருந்து பட்டையின் அடி வரை ஒரு அளவு, தரையிலிருந்து புரொப்பெல்லர் அச்சின் நடு வரை இன்னொரு அளவு. கழித்தால் அச்சு எவ்வளவு கீழே இருக்கிறது என்று வரும். மூன்று, மூன்றரை இஞ்சில் தொடங்கி, ஒரு முறைக்குக் கால் இஞ்ச் மட்டும் உயர்த்துங்கள். கியர் பெட்டி தண்ணீரில் இழுபடுவது குறையக் குறைய வேகம் கூடும். டென்வர் பதிலில் சொன்ன சூத்திரத்தில் வழுக்கலைக் கணக்கிட்டுக்கொண்டே போங்கள். வழுக்கல் குதிக்கும் இடத்திலிருந்து கால் இஞ்ச் இறக்கி நிறுத்துங்கள்.

நீரழுத்தமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். எஞ்சின் உயர உயரக் குளிர்நீர் உறிஞ்சும் துளை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வரும். முழு வேகத்தில் 15 பிஎஸ்ஐக்குக் கீழே விட மாட்டோம். அரை கிலோமீட்டர் வேகத்துக்கு ஆசைப்பட்டு எஞ்சினைக் கொதிக்க விடுவது லாபமில்லாத வியாபாரம்.

சுற்று ஏறி வேகம் ஏறாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். திருப்பத்திலோ அலையிலோ மட்டும் நடந்தால் இலை மேலிருந்து காற்றை இழுக்கிறது, இறக்குங்கள். டென்வர் மகனும் இதைக் கவனிக்கட்டும். நேராக ஓடும்போதும், லீவரைத் தள்ளியதுமே நடந்தால் சந்தேகம் நடுக்குழாயின் ரப்பர் புஷ் மேல். உள்குழாயிலிருந்து வெளிக்குழாய் வரை பெயின்ட் பேனாவால் ஒரு நேர்கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் சுழன்றுவிட்டது.

கழற்றும்போது: கில் சுவிட்ச் கயிறு எடுத்து, நியூட்ரலில் வைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, இலைக்கும் தகட்டுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து நட்டைத் திருகுங்கள். வாஷர்கள் வந்த வரிசையைப் போனில் படம் எடுங்கள். உள்ளே வாஷருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்; மெல்லிய பின்னல் நரம்பு ஆயில் சீலை அறுத்துவிடும், தண்ணீர் புகுந்து கியர் ஆயில் தேத்தாரே (பால் தேநீர்) நிறத்துக்கு மாறும். அந்த நிறம் கண்டால் ஜாக் பிளேட்டை மறந்துவிட்டு முதலில் சீல் மாற்றுங்கள். மாட்டும்போது அச்சின் பள்ளங்களில் கடல்நீர் தாங்கும் கிரீஸ் பூசி, நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். பெரிய எஞ்சின்கள் பலவற்றில் 75 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு வாஷரின் காதுகளை மடியுங்கள்.